பீங்கான் நிரபராதி

கங்காதரனைப் பீங்கான் தூக்கி எறிந்தது எழுபத்து மூன்றாம் வருடம் செப்டம்பரில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றே கால் மணிக்கு. அப்படி எதுவும் நடக்கவில்லை என்று நிரூபிக்க அலுவலகத்துக்கு ஏழு மாதமும் மூன்று குழுக்களும் தேவைப்பட்டன.

அந்த அலுவலகத்தின் பெயர் உயர்வெப்பப் பீங்கான் ஆய்வு நிலையம். கேளம்பாக்கம் உப்பளங்களைத் தாண்டி, கோவளம் போகிற சாலையில், சவுக்குத் தோப்புக்கு நடுவே மஞ்சள் சுண்ணாம்பு பூசிக்கொண்டு நின்றது. பீங்கான் மின்சாரத்தைக் கடத்தாது என்பது ஊருக்கே தெரியும். மின்கம்பத்தின் தலையில் வெள்ளையாக உட்கார்ந்திருப்பது அதுதான். ஆனால் ஆயிரம் டிகிரி சூட்டிலும் அது அதே ஒழுக்கத்தோடு இருக்குமா என்று தெரிந்தால்தான் மின்சார உலை கட்ட முடியும். அதை அளந்து நாட்டுக்குச் சொல்வதற்காகவே நிலையம் ஏற்பட்டது. பத்து வருடத்தில் நூற்று எழுபத்திரண்டு அறிக்கைகள் சொல்லியிருந்தது.

அளக்கும் முறையில் ஒரு சின்னச் சங்கடம் இருந்தது. அளவுக் கருவி வெளிநாட்டிலிருந்து வந்தது. அதைக் குளிர்ந்த அறையில்தான் வைக்க வேண்டும் என்று அதனுடன் வந்த புத்தகம் சொன்னது. ஆகவே ஏ.சி. போட்டு, எப்போதும் இருபத்தேழு டிகிரி இருக்கும் அறையில் கருவியை வைத்தார்கள். உலையோ பின்கட்டில் தகரக் கொட்டகையில் இருந்தது. உலையை ஏ.சி. அறைக்குக் கொண்டுபோக முடியாது, கருவியைக் கொட்டகைக்குக் கொண்டுவரக் கூடாது. இயக்குநர் டாக்டர் ஞானதாஸ் இரண்டே நாள் யோசித்து இதற்கு வழி கண்டுபிடித்தார். பீங்கான் துண்டை உலையில் ஆயிரம் டிகிரிக்குக் காய்ச்சுவது, எடுத்து ஒரு நாள் ஆறவைப்பது, வெள்ளைத் துணியில் சுற்றித் தட்டில் வைத்து ஏ.சி. அறைக்குக் கொண்டுபோய் அளப்பது, கிடைத்த எண்ணை 'ஆயிரம் டிகிரி' என்ற பத்தியில் எழுதுவது.

ஒரு முறை யாரோ இதைப் பற்றிச் சந்தேகம் கேட்டபோது இயக்குநர் சொன்னார்: "காசிக்குப் போய்த் திரும்பி வந்தவரைக் காசி யாத்திரை போனவர் என்றுதானே சொல்கிறோம்? வீட்டில் உட்கார்ந்திருக்கிறார் என்பதற்காக யாத்திரையை மறுத்துவிடுவீர்களா?" கேட்டவர் அதன் பிறகு கேட்கவில்லை.

இவ்வாறாக, இந்த நாட்டுப் பீங்கான் எத்தனை டிகிரிக்குக் காய்ச்சினாலும் மின்சாரத்துக்கு இடம் கொடுக்காது என்று நூற்று எழுபத்திரண்டு முறை உறுதியாயிற்று.

கங்காதரன் அந்த நிலையத்தின் உலை உதவியாளன். முட்டுக்காட்டுக்குத் தெற்கே ஆலிக்குப்பத்துக்காரன். கட்டுமரத்தில் ஏறினால் வாந்தி எடுப்பான். குப்பத்தில் அப்படிப்பட்டவனுக்கு வேறு என்ன போக்கிடம்? ஒன்பது வருடமாகத் தற்காலிக ஊழியனாக இருந்தான். உலையில் ஒரு முழ நீளத்துக்குப் பீங்கான் குழாய் ஒன்று உண்டு. அதன் வெளிப்புறத்தில் மின்கம்பியைச் சுற்றியிருப்பார்கள், உள்ளே சோதனைத் துண்டு இருக்கும். மின்சாரத்தை நிறுத்திவிட்டு, இரும்புக் கொக்கியால் துண்டை வெளியே இழுப்பது அவன் வேலை. அந்தச் செவ்வாய்க்கிழமை டெல்லியிலிருந்து யாரோ வருவதாகச் செய்தி வந்து, "நிறுத்தாமலே எடு, நேரமில்லை" என்று உள்ளேயிருந்து ஆள் வந்து சொன்னான். கங்காதரன் எடுத்தான். கொக்கி குழாயின் உள்சுவரில் பட்டது.

அடுத்து அவனுக்கு நினைவு வந்தபோது கொட்டகைக்கு வெளியே சவுக்குச் சருகில் மல்லாந்து கிடந்தான். வலது கையில் மோதிர விரலும் சுண்டு விரலும் வெந்திருந்தன. நெஞ்சு, வலையில் விழுந்த மீன் மாதிரித் துள்ளிக்கொண்டிருந்தது.

முதலில் ஓடிவந்தவர் இளநிலை விஞ்ஞானி வாசுதேவன். கும்பகோணத்துப் பக்கம். நல்ல படிப்பு, பயந்த சுபாவம். அவனைக் கைத்தாங்கலாக உள்ளே கூட்டிப்போய்த் தண்ணீர் கொடுத்து, விரலில் மருந்து தடவி, கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தாழ்ந்த குரலில் சொன்னார்.

"பீங்கான் மண்ணுல உப்புச் சத்து இருக்கு, கங்காதரன். ஆறியிருக்கறப்போ அது அப்படியே உறைஞ்சு கிடக்கும். சூடு ஏற ஏற நகர ஆரம்பிக்கும். அது நகர்ந்தா கரண்டும் கூடவே நகரும். ஆயிரம் டிகிரியில கிட்டத்தட்டக் கம்பி மாதிரிதான்."

"இது ஆபீசுக்குத் தெரியுமா சார்?"

"புஸ்தகத்துல போட்டிருக்கு. நம்ம லைப்ரரியிலயே இருக்கு."

"அப்பறம் இன்னா சார்? எட்துப் பாத்தா தெரிஞ்சிடும்ல?"

வாசுதேவன் மருந்துப் புட்டியை மூடினார். "லைப்ரரி சாவி டைரக்டர்கிட்ட இருக்கு" என்றார்.

நிர்வாக அலுவலர் துரை விபத்துப் படிவத்தை எடுத்தார். ஏழாவது பத்தி: விபத்தின் காரணம். அதற்கு நேரே மூன்று கட்டங்கள். ஊழியரின் அலட்சியம், ஊழியரின் கீழ்ப்படியாமை, ஊழியரின் உடல்நிலை.

"எதில் குறி போடட்டும்?"

"சார், பீங்கான்லேர்ந்து ஷாக் அட்ச்சிது சார்."

"அதற்குக் கட்டம் இல்லையே."

"கட்டம் இல்லாங்காட்டியும் அட்ச்சிது சார்."

துரை பேனாவைக் கீழே வைத்தார். அவர் கோபக்காரர் அல்ல. அலுவலகத்தில் யாரிடமும் குரலை உயர்த்தியதில்லை. "பீங்கான் மின்கடத்தாப் பொருள். அறுபத்தெட்டாம் வருடச் சுற்றறிக்கை, மூன்றாம் பத்தி. அது இன்றுவரை ரத்து செய்யப்படவில்லை. ரத்து செய்யப்படாதவரை உனக்கு ஷாக் அடித்திருக்க முடியாது" என்றார். கங்காதரன் கட்டுப்போட்ட கையைப் பார்த்தான். துரையும் பார்த்தார். "கையைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை. பீங்கானைப் பற்றித்தான் சொல்கிறேன்."

முதல் குழு அமைக்கப்பட்டது. குழுவின் பாதுகாப்புக் கருதி உலையை நாற்பத்தெட்டு மணி நேரம் முன்னதாகவே நிறுத்தி ஆறவைத்தார்கள். நான்கு உறுப்பினர்களும் வரிசையில் வந்து, ரப்பர் கையுறை மாட்டிக்கொண்டு, பீங்கான் குழாயை ஒருவர்பின் ஒருவராகத் தொட்டார்கள். தலைவர் இரண்டு முறை தொட்டார். அடிக்கவில்லை. கைதட்டினார்கள்.

கங்காதரனுக்கு நிற்க முடியவில்லை. அந்த நாட்களில் அவனால் எங்கேயும் நிற்கவோ உட்காரவோ முடியவில்லை. கை மரத்துக் கிடந்தது, கால் மட்டும் அலைந்தது. "ஐயா, சூடா இருக்கறப்போதான்யா அது..." என்றான்.

தலைவர் அவனைப் பரிவோடு பார்த்தார். "சூடாக இருக்கும்போது தொட்டால் கை வெந்துவிடாதா அப்பா? ஒரு குழு எப்படி அதைச் செய்யும்?"

'பீங்கான் நிரபராதி' என்று குழு அறிக்கை கொடுத்தது. அப்படியானால் மின்சாரம் எங்கே போயிற்று? இதை ஆராய இரண்டாவது குழு வந்தது. பீங்கான் கடத்தவில்லை என்றால் வேறு எதுவோ கடத்தியிருக்க வேண்டும். சம்பவ இடத்தில் பீங்கானைத் தவிர இருந்தது கங்காதரன்தான். அவனை ஏ.சி. அறையில் ஒரு மர நாற்காலியில் உட்காரவைத்து, இடது கைக்கும் வலது காலுக்கும் கம்பி மாட்டி, மின்தடை அளந்தார்கள். ஒன்பது வருடத்தில் அன்றைக்குத்தான் அந்த அறைக்குள் அவனை விட்டார்கள். உலைச் சூட்டிலேயே கிடந்தவனுக்கு அந்தக் குளிரில் பல் கிட்டியது. பிறகு ஒரு வாளித் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி, அவன் மேலேயே ஊற்றி மறுபடியும் அளந்தார்கள்.

அறிக்கை மூன்று பக்கம். 'கங்காதரன் என்பவர் மின்கடத்தி என்பது ஐயத்துக்கு இடமின்றித் தெரிகிறது. நனைந்த நிலையில் அவருடைய கடத்தும் தன்மை மேலும் கூடுகிறது. தம்முடைய இந்த இயல்பை அவர் பணியில் சேரும்போது தெரிவிக்கவில்லை.'

மூன்றாவது குழு, முதலிரண்டு குழுக்களும் முறைப்படி டீ குடித்தனவா என்று பார்க்க வந்ததாக வாசுதேவன் சொன்னார். அது அவர் சொன்ன ஒரே தமாஷ். சொல்லிவிட்டுப் பயந்து போய் இரண்டு நாள் லீவு போட்டார்.

அதற்குப் பிறகு குற்றக் குறிப்பாணை வந்தது. மின்கடத்தியாக இருந்துகொண்டு உலைக்கூடத்துக்குள் நுழைந்தது ஏன், பதினைந்து நாளில் விளக்கம் தர வேண்டும். கங்காதரன் அதை எடுத்துக்கொண்டு துரையிடம் போனபோது அவர் நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார். உட்காரச் சொன்னதுமே அவனுக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

"ஒரு வழி இருக்கிறது. சதைப்பிடிப்பால் தடுமாறி விழுந்தேன், பீங்கானால் எந்த அதிர்ச்சியும் ஏற்படவில்லை என்று ஒரு வாக்குமூலம். நீ கையெழுத்துப் போட்டால் இந்தக் குறிப்பாணை முடிந்துபோகும். உன் நிரந்தரக் கோப்பும் ஒன்பது வருடமாக அலமாரியில் இருக்கிறது, பாவம். அதற்கும் மூச்சு முட்டும்."

கங்காதரன் கேளம்பாக்கத்தில் பஸ் ஏறினான். ஆலிக்குப்பம் வருவதற்கு இரண்டு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி மணலில் நடந்தான். அவன் மனைவி சொர்ணம் கடற்கரையில் நெத்திலி பரப்பிக்கொண்டிருந்தாள். மீனை உப்பில் ஊறவைத்துக் காயவைத்துச் சந்தையில் விற்பவள். குப்பத்தில் இருபது பெண்களுக்கு அதுதான் பிழைப்பு.

"இன்னாய்யா, மூஞ்சி பேஜாரா கீது?"

சொன்னான். அவள் பரப்புவதை நிறுத்தவில்லை.

"ஷாக் அட்ச்சிதா இல்லியா?"

"அட்ச்சிதுமே. தூக்கிப் போட்ச்சி."

"இல்லனு எழுதிக் குட்த்தா யாருக்கு இன்னா நஷ்டம்? வெந்தது உன் கை. அத்த நீ சதப்பிடிப்புனு சொல்லு, சனிப்பிடிப்புனு சொல்லு. வேல பர்மனெண்ட் ஆவுதுல்ல? போட்டுக் குடு."

நியாயமாகத்தான் பட்டது. மறுநாள் போட்டுக் கொடுத்தான். மரத்த விரல்களோடு போட்டதில் கையெழுத்து அவனுடையது மாதிரியே இல்லை. துரை அதைப் பொருட்படுத்தவில்லை. ஒரே வாரத்தில் நிரந்தர உத்தரவு வந்தது. சொர்ணம் வஞ்சிர மீன் வாங்கிக் குழம்பு வைத்தாள்.

குழம்பு வைத்த நாலாம் நாள் குப்பத்துக்கு லாரி வந்தது. அதில் ஒரு வில்வண்டி அளவுக்கு இரும்புப் பெட்டி இருந்தது. நிலையத்தின் பத்தாண்டு நிறைவையொட்டி மீனவப் பெண்களுக்கு அன்பளிப்பாக வந்த மீன் உலர்த்தும் மின் உலை அது. கங்காதரன் கதவைத் திறந்து உள்ளே பார்த்தான். பன்னிரண்டு பீங்கான் கழிகளில் மின்கம்பி சுற்றியிருந்தது. அந்தக் கழிகளின் மேலேயே இரும்புத் தட்டுகள் உட்கார்ந்திருந்தன. மீனுக்கு வெதுவெதுப்பு போதும். ஆனால் கம்பி சுற்றிய கழி நெருப்பாகச் சிவக்கும். உப்புத் தண்ணீர் சொட்டும் தட்டுகளை, ஈரக் கையோடு, வெறுங்காலில் ஈரமண்ணில் நின்றுகொண்டு, சொர்ணமும் மற்றவர்களும் இழுக்க வேண்டும்.

பெட்டியோடு வந்த காகிதக் கட்டை வாங்கிப் புரட்டினான். பாதுகாப்புச் சான்றிதழ் இருந்தது. அதன் பின்னால், இணைப்பு ஒன்று என்று குறித்து, அவன் வாக்குமூலம் இருந்தது. 'மின்கடத்தியான ஊழியர் ஒருவரே தமது நேரடி அனுபவத்தில் உறுதி செய்துள்ளார்' என்று மேலே தட்டச்சு செய்திருந்தார்கள்.

மறுநாள் அலுவலகம் திறக்கும் முன்பே அவன் சான்றிதழும் கையுமாகத் துரையின் அறை வாசலில் நடந்துகொண்டிருந்தான்.

"சார், அந்தக் கையெழுத்த வாபஸ் வாங்கிக்கிறேன் சார்."

"வாக்குமூலம் கொடுக்கப் படிவம் இருக்கிறது. திரும்ப வாங்கப் படிவம் இல்லை."

"வெள்ளத்தாள்ல எழுதிக் குடுக்கறேன் சார். அட்ச்சிது, பீங்கான்தான் அட்ச்சிதுன்னு."

"வெள்ளைத்தாளில் எழுதினால் அது கடிதம். கடிதத்தை நான் இயக்குநருக்கு அனுப்பலாம். இயக்குநர் எனக்கு அனுப்புவார்."

கங்காதரன் காத்திருக்கவில்லை. நேராக ஏ.சி. அறைக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனான். டாக்டர் ஞானதாஸ் மீன் உலைத் திறப்பு விழா உரையைத் திருத்திக்கொண்டிருந்தார். தலை நிமிர்ந்தார். அவனை வெளியே போகச் சொல்லவில்லை. பேசுவதற்கு ஆள் கிடைத்தால் அவர் யாரையும் அனுப்புவதில்லை.

"உட்கார வேண்டாம், நில். கங்காதரன், விஞ்ஞானத்தில் பெரும்பான்மைக்குத்தான் மரியாதை. பீங்கான் கடத்தாது என்று நூற்று எழுபத்திரண்டு அறிக்கைகள். கடத்தும் என்று நீ ஒருவன். அதிலும் நீ வாக்குமூலம் கொடுத்த பிறகு நீயும் எங்கள் பக்கம் வந்துவிட்டாய். எதிர்க்கட்சியில் யாருமே இல்லை."

"ஐயா, எங்க வூட்டுப் பொம்பளைங்க செத்துப் பூடுவாங்கய்யா."

"சேச்சே. அப்படி யாராவது இறந்தால் அது பீங்கானால் இருக்காது. அதை இப்போதே எழுதித் தருகிறேன்." இயக்குநரின் குரலில் நிஜமாகவே கருணை இருந்தது. "நீ சொல்வதை ஒப்புக்கொண்டால் என்ன ஆகும், யோசித்தாயா? பத்து வருடம் ஏ.சி. அறையில் உட்கார்ந்து எதை அளந்தாய் என்று என்னைக் கேட்பார்கள். நான் என்ன பதில் சொல்வேன்? ஒரு விஞ்ஞானியைப் பதில் தெரியாத கேள்விக்கு ஆளாக்கலாமா? போ. விழாவில் மைக் செட்டுப் பக்கத்தில் நில். உன்னை மேடையிலிருந்து காட்டுகிறேன்."

வெளியே வந்தபோது வாசுதேவன் தாழ்வாரத்தில் நின்றிருந்தார். எல்லாம் கேட்டிருக்க வேண்டும். முகம் வெளுத்திருந்தது. கங்காதரனின் கையிலிருந்த சான்றிதழை வாங்கி, கடைசி வரியில் விரலை வைத்தார். எறும்பு மாதிரிச் சின்ன எழுத்து. 'இச்சான்று இருபத்தேழு டிகிரி வெப்பநிலைக்கு மட்டும்.'

"இந்த வரியை நான்தான் டைப் அடிச்சேன். பொய்க்கு நடுவுல ஒரு வரியாவது உண்மையா இருக்கட்டும்னு. யாரும் கடைசி வரி வரைக்கும் படிக்கல, கையெழுத்துப் போட்டுட்டாங்க" என்றார். "என்னால மேடையில ஏறிச் சொல்ல முடியாது, கங்காதரன். ஊர்ல ரெண்டு தங்கச்சிங்க இருக்காங்க. இதைத்தான் என்னால பண்ண முடிஞ்சது."

அன்று வீட்டில் கங்காதரன் சொர்ணத்திடம் முழுவதையும் சொன்னான். தான் போட்ட கையெழுத்து எங்கே போய் ஒட்டிக்கொண்டது என்பதையும் சொன்னான்.

"போடச் சொன்னவ நாந்தானே" என்றாள். பிறகு, "அந்தக் கடைசி வரிய இன்னொரு வாட்டி படி" என்றாள்.

திறப்பு விழா மே மாதம் நடந்தது. கத்திரி வெயில். கடற்கரையில் பந்தல், வாழைமரம், மைக் செட். சென்னையிலிருந்து ஒரு பெரிய அதிகாரி வந்திருந்தார். டாக்டர் ஞானதாஸ் முக்கால் மணி நேரம் பேசினார். "சூரியனை நம்பி வாழ்ந்த இந்தப் பெண்கள் இன்றுமுதல் நம்மை நம்பி வாழலாம்" என்று முடித்தார். அதிகாரி பொத்தானை அழுத்த எழுந்தபோது, முன்வரிசை மணலில் உட்கார்ந்திருந்த பெண்களில் சொர்ணம் எழுந்து நின்றாள்.

"ஐயா, ஒரு சந்தேகம். மிசினோட பத்திரத்துல இருபத்தேழு டிகிரிக்கு மட்டும்னு எழுதிக்கீது. எங்களுக்குப் படிக்கத் தெரியாது. பெரியவங்க எழுதனா அதும்படி நடக்கணும்ல? இருபத்தேழத் தாண்டலாமா, கூடாதா?"

துரை சான்றிதழை எடுத்துக் கடைசி வரியைப் படித்தார். மறுபடி படித்தார். இயக்குநரிடம் நீட்டினார். அதிகாரி ஆர்வத்தோடு, "என்ன அது?" என்று கேட்டார்.

இயக்குநர் அந்த வரியைப் படித்தார். சான்று தவறு என்றால் கையெழுத்து அவருடையது. சான்று சரி என்றால் உலை உலை அல்ல. கூட்டம் பார்த்துக்கொண்டிருந்தது. மைக் செட் உறுமிக்கொண்டிருந்தது.

"நிலையத்தின் சான்றிதழில் உள்ள ஒவ்வொரு எழுத்தும் பத்தாண்டு ஆராய்ச்சியின் விளைவு" என்றார் கடைசியில். "இருபத்தேழைத் தாண்டக் கூடாது."

"இன்றைக்கு எவ்வளவு?" என்றார் அதிகாரி.

பந்தல்காலில் தொங்கிய வெப்பமானியைப் போய்ப் பார்த்துவிட்டுத் துரை வந்தார். "முப்பத்தொன்பது, சார்."

"அடடா. அப்படியானால் இப்போது போட முடியாது, இல்லையா?"

"முடியாது சார். விதிப்படி முடியாது."

அதிகாரி பொத்தானை அழுத்துவதுபோல் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார். கூட்டம் கைதட்டியது. கங்காதரன் மைக் செட்டுக்குப் பின்னால் மணலில் உட்கார்ந்துவிட்டான். எட்டு மாதத்தில் அன்றைக்குத்தான் அவன் கால் உட்கார இடம் கேட்டது.

ஒரு வாரத்தில் உத்தரவு வந்தது. உலை நிரந்தரமாகக் குப்பத்தில் இருக்கும். அதற்கு ஒரு கொட்டகை போட்டு, வெளிச்சுவரில் வெப்பமானி மாட்டப்படும். உள்ளே மாட்டினால் உலையின் சூடு அதைப் பாதிக்கும் என்பதால் வெளியே. கங்காதரன் வெப்பநிலை நோக்கராக நியமிக்கப்படுகிறார். தினமும் காலை எட்டு மணிக்கு வெப்பநிலையைப் பதிவேட்டில் எழுத வேண்டும். இருபத்தேழோ அதற்குக் கீழோ இருந்தால் அன்று முழுவதும் உலையை இயக்கலாம், தாண்டினால் பூட்டி வைக்க வேண்டும்.

மே போயிற்று. ஆடி, ஆவணி, புரட்டாசி போயிற்று. சாவி கங்காதரனின் இடுப்பில் இருந்தது. எட்டு மணிக்கு முப்பது, இருபத்தொன்பது, முப்பத்தொன்று. பெண்கள் எப்போதும்போல மணலில் மீன் காயவைத்தார்கள். உலை ஒரு யூனிட் மின்சாரமும் செலவழிக்காமல் விபத்தின்றி இயங்கி வருவதாக நிலையம் காலாண்டு அறிக்கை அனுப்பியது.

கார்த்திகையில் புயல் மழை பிடித்துக்கொண்டது. நாலு நாள் வெயில் முகமே இல்லை, வெப்பமானி மட்டும் இருபத்தெட்டுக்குக் கீழே இறங்கவில்லை. புயலுக்கு முன்பு கரையேற்றிய மீன் கூடை கூடையாகக் கொட்டகைக்குள் ஊறி, நாற ஆரம்பித்தது. ஐந்தாம் நாள் காலை எட்டு மணிக்கு கங்காதரன் கோணிப்பையைத் தலையில் போட்டுக்கொண்டு வெப்பமானியைப் பார்த்தான். இருபத்துமூன்று.

பின்னால் பெண்கள் கூடிவிட்டார்கள். எல்லாரும் நனைந்திருந்தார்கள். தரை முழுவதும் உப்புத் தண்ணீர். முனியம்மா என்ற பெண், நாலு கூடை வாளை மீன் வைத்திருப்பவள், முன்னால் வந்தாள்.

"இன்னா அண்ணாத்த, இன்னிக்கித்தானே குளிரு? தொற. மிசின் எதுக்கு கீது? இன்னிக்கி வுட்டா மீனு மண்ணுக்குத்தான்."

அவள் சொன்னது எல்லாம் சரி. இன்றைக்குத்தான் உலை வேண்டும். இன்றைக்குத்தான் விதியும் இடம் கொடுக்கிறது. இன்றைக்குப் போட்டால் எவளாவது ஒருத்தி தட்டை இழுத்த கையோடு விழுவாள். கங்காதரன் பெண்களின் கைகளைப் பார்த்தான். பிறகு வெப்பமானியை ஆணியிலிருந்து கழற்றி, முதுகைத் திருப்பிக்கொண்டு, சட்டைக்குள் விட்டுக் கக்கத்தில் வைத்து அழுத்திக்கொண்டான். ஐந்து நிமிடம் கடலைப் பார்த்து நின்றான்.

"முப்பத்தாறரை" என்றான், அதை வெளியே எடுத்து.

"இந்தக் குளிர்லயா? உன் கண்ணுல கொள்ளி வைக்க!" முனியம்மா ஒரு வாளை மீனை எடுத்து அவன் காலடியில் எறிந்தாள். "கவர்மெண்டுச் சம்பளம் வாங்கறவனுக்கு எங்க வவுத்தெரிச்சல் தெரியுமா?"

அவன் பதிவேட்டைத் திறந்து எழுதினான். மரத்த விரலில் பேனா நழுவியது. சொர்ணம் முனியம்மாவின் தோளைப் பிடித்து ஓரமாக அழைத்துப்போய்ச் சொன்னாள். ரொம்ப நேரம் சொன்னாள். திரும்பி வந்தபோது முனியம்மா அவனுடைய வெந்த விரல்களையும் தன்னுடைய ஈரக் கையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இத்த மொதல்லியே சொல்றதுக்கு இன்னா?" என்றாள். பிறகு கொட்டகைக்குள் போய்க் கயிறு கட்ட ஆரம்பித்தாள். காற்றிலும் அடுப்புப் புகையிலும் பாதி மீன் தேறியது. மீதியை மணலில் புதைத்தார்கள். அவளுடைய நாலு கூடையில் ஒன்றுதான் மிஞ்சியது.

மழை ஓய்ந்து பனி பிடித்த பிறகும் கங்காதரன் தினமும் கக்கத்தில் வைத்தான். பொய் எழுதத் தெரியாதவன். அதனால் உடம்பு என்ன காட்டியதோ அதையே எழுதினான். ஒரு நாள் காய்ச்சல். அன்றைக்கு முப்பத்தெட்டு.

மார்கழி இரண்டாம் வாரம் ஜீப் வந்தது. கார்த்திகை மழையில் வங்கக் கடலோரத்தில் முப்பத்தெட்டு டிகிரி வெயில் அடித்திருப்பதைப் பதிவேட்டில் கண்டு, நான்காவது குழுவோடு இயக்குநரே வந்திருந்தார். கங்காதரன் தொலைந்தோம் என்று நினைத்தான். சொர்ணம் அவன் பக்கத்தில் வந்து நின்றுகொண்டாள்.

கடற்காற்று ஊசியாய்க் குத்திக்கொண்டிருந்தது. துரை குரங்குக் குல்லா போட்டிருந்தார். இயக்குநர் சால்வையை இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தார். யாரும் வெப்பமானிப் பக்கம் போகவில்லை. ஜீப்பின் மேல் பதிவேட்டை விரித்துவைத்து, பக்கம் பக்கமாகப் பார்த்தார்கள். எண்கள் கோடு தாண்டாமல் நேராக எழுதப்பட்டிருந்தன. அடித்தல் திருத்தல் இல்லை. நோக்கரின் கையெழுத்து எல்லா இடத்திலும் இருந்தது.

"சார், எனக்கு என்னவோ குளிருகிற மாதிரி இருக்கிறது" என்றார் குழுவில் புதிதாகச் சேர்ந்த ஒருவர், பல் கிட்ட.

"அது உங்கள் சொந்த அபிப்பிராயம்" என்றார் துரை. "இன்றைக்கு எழுதியிருப்பது முப்பத்தாறரை."

இயக்குநர் வெகுநேரம் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு முகத்தைக் கைக்குட்டையால் துடைத்தார். சால்வைக்குள் கையை விட்டுச் சட்டைப் பொத்தானைத் தேடி ஒன்றைக் கழற்றினார்.

"தாங்க முடியவில்லை" என்றார். "கங்காதரன், இங்கே விசிறி ஏதாவது இருக்கிறதா?"

சொர்ணம் ஓடிப்போய் அடுப்பு விசிறும் பனையோலை விசிறியைக் கொண்டுவந்து கொடுத்தாள். கங்காதரன் நடுங்குகிற நாலு பேருக்கும் குறைவைக்காமல் வீசினான்.